எண்ணிமக் காலத்தில் நூலகர் தொழில்: தீவகத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிற் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனம் ஒன்று உளது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, ஊராத்துறை எனப்பட்ட இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டார் காக்கப்படல் வேண்டும் என விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணர்ந்த மரக்கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் ஏனைய மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். வேறு பண்டம் ஏற்றிய கலமாயின் இருவர்க்கும் செம்பாதி என்பது அதன் ஏற்பாடு. இவ்வாணையைக் கல்லிலும் செம்பிலும் பொறிக்குமாறு மன்னன் பணித்தான். செப்பேடு நமக்குக் கிடைத்திலது. கல் இன்றும் நிற்கின்றது.

ஓர் ஆவணத்தை இருவேறு பொருளிற் பதித்து வைத்தல் அறிவுடைமை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம் தீவகத்தில் இல்லை. ஆயினும், கல் அழியாது நின்றமையால் மட்டும் அதன் செய்தி நம்மை வந்தடையவில்லை. எழுத்தை இனங்கண்டு படித்து, காலங் கணித்து, பொருள் உரைப்பார் வேண்டியிருந்தனர். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் அதனை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே ஆய்வாளர் பலர்க்கும் அது எளிதிற் கிட்டுவதாயிற்று. ஆகவே, காத்தல் ஒரு பணி; காத்ததைத் தேடுவார் கையிற் சேர்த்தல் மற்றொரு பணி. இவ்விரண்டும் கூடியதே நூலகர் தொழில். ஏடுகளையும் நூல்களையும் இலக்கங்களாக மாற்றிக் கணினியிற் சேமிக்கும் இவ்வெண்ணிமக் காலத்தில் அத்தொழிலுக்கு யாது இடம், அதிற் புகுவார்க்கு யாது உயர்வு என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலகரைப் பற்றி நம்மவரிடையே மூன்று கருத்துக்கள் வழங்குகின்றன. நூலகர் நூல்களின் காவலர் என்பது ஒன்று. கைத்தொலைபேசியில் யாவும் கிடைக்கையில் நூலகர் எதற்கு என்பது மற்றொன்று. எண்ணிமப் பணியை ஆர்வலர் செய்துவிடுவர், சம்பளம் பெறும் நூலகர் அதற்கு வேண்டுவதில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் முற்றும் பொய்யல்ல. எனினும், மூன்றும் குறையுடையன. அவற்றை முறையே நோக்குவாம்.

காவலர் என்னும் கருத்து

நவீன நூலகவியலை நம் மண்ணுக்கு ஏற்ப வகுத்த சீர்காழி இரா. அரங்கநாதன் நூலகராகவேண்டும் என்று கனவு கண்டவரல்லர். அவர் கணிதப் பேராசிரியர். 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்ற அவர், சின்னாட்களிலேயே அத்தனிமையை வெறுத்து, மீண்டும் கற்பிக்கச் செல்ல விரும்பினார். இலண்டன் சென்று பயின்று வந்த பின்னர் முடிவு செய்யுமாறு மேலிடத்தார் கூறினர். அங்கே பல நூலகங்களைக் கண்டபோதுதான் நூலகம் சமுதாயத்தின் உயிர்நிலைகளுள் ஒன்று என்பது அவர்க்குப் புலனாயிற்று. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகம் முழுதும் ஏற்கப்பட்டன. நூல் பயன்பாட்டுக்கு உரியது; வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் உண்டு; நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு; வாசகரின் காலம் வீணாகலாகாது; நூலகம் வளர்ந்துகொண்டே செல்லும் உயிர் போன்றது என்பனவே அவற்றின் சாரம்.

இவ்விதிகள் யாழ்ப்பாணத்துக்கு ஏட்டளவில் வந்தவையல்ல. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய முயற்சி, 1934 ஆவணியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு பொது நூலகமாயிற்று. பின்னர் எழுந்த பெருங்கட்டடத்துக்கு ஆலோசனை கூறியவர் அதே அரங்கநாதன்; அதனை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன். 1954இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1959இல் அந்நூலகம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் நாள் இரவு அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன. கல்லிலும் செம்பிலும் எழுதிய பழைய மன்னனின் முன்யோசனை அங்கே கைக்கொள்ளப்பட்டிருக்குமாயின், கட்டடம் எரிந்திருக்கும். ஏடுகளின் உள்ளீடு பிழைத்திருக்கும்.

இவ்விழப்பு நம் நூலகர்களின் உள்ளத்திற் காவற்றொழிலை ஆழப் பதித்துவிட்டது. அதில் வியப்பில்லை. ஆனால், காவல் எல்லை கடந்தால் யாதாகும் என்பதற்கு என் அநுபவமே சான்று. தீவகப் பாடசாலை ஒன்றில் ஆசிரியனாயிருந்தபோது நூலகப் பொறுப்பும் என்பாற் சேர்ந்தது. நூல்களோடு ஒரு சாவிக்கொத்தும் வந்தது. முன்னிருந்தவர், “மாஸ்ரர், வருட முடிவில் புத்தகம் எண்ணுவினம், குறைஞ்சால் நீங்கள்தான் பதில் சொல்ல வேணும்” என்று அன்போடு எச்சரித்தார். அவ்வச்சத்தால் இரண்டாண்டுகள் அலுமாரியைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருந்தேன். கணக்கெடுப்பில் ஒரு நூலும் குறையவில்லை. மூன்றாம் ஆண்டு திறந்து பார்த்தபோது கீழ்த்தட்டு முழுவதையும் கறையான் அரித்திருந்தது. மேற்றட்டில் இராமபாணப்பூச்சி குடியேறியிருந்தது. எண்ணிக்கை சரியாயிருந்தது, நூல்கள்தாம் இல்லை. அரங்கநாதனின் முதல் விதியை நான் பரீட்சைக்காகப் பின்னர் மனனஞ் செய்தேன்; அதன் பொருளை அக்கறையான் முன்னரே கற்பித்துவிட்டது.

இங்கே குறை ஒரு தனிமனிதரின்மேல் மாத்திரம் சார்வதன்று. காணாமற்போன நூலுக்குத் தண்டம் உண்டு. வாசிக்கப்படாத நூலுக்குத் தண்டம் இல்லை. இத்தகைய கணக்குமுறை உள்ளவரையில், எத்துணை நல்லவரும் சாவிகாப்போராகவே மாறுவர். நூலகரின் தொழில்வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் முதலில் நோக்கவேண்டியது இதனையே. எது அளக்கப்படுகின்றதோ அதுவே தொழிலாகிவிடும்.

யாவும் தொலைபேசியில் உண்டோ?

இனி, இரண்டாவது கருத்தை எடுத்துக்கொள்வாம். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி நெடுந்தீவின் பழைய பாடசாலைகளைப் பற்றி ஒப்படை எழுத முற்பட்டாள். தொலைபேசியில் ‘நெடுந்தீவு’ எனத் தேடினாள். சுற்றுலாப் பயணிகள் எடுத்த குதிரைப் படங்களும் பெருக்கமரப் படங்களும் நூற்றுக்கணக்கில் வந்தன; வேண்டியது வரவில்லை. “ஒண்டும் இல்லை, சேர்” என்றாள். ஆங்கிலத்தில் ‘டெல்ஃப்ற்’ எனத் தேடச் செய்தேன். வேறோர் உலகம் திறந்தது. ஆனால், அவற்றுட் பாதி ஒல்லாந்து நாட்டு நகரத்தைப் பற்றியன.

இவ்விடர்ப்பாட்டின் வேரை நோக்குக. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. ஆகவே ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களிற் புங்குடுதீவைத் தேடுவோன் மிடில்பேர்க் என்னும் பெயரை அறிந்திருத்தல் வேண்டும். நயினாதீவுக்கு நாகதீபம் என்னும் பெயரும் உண்டு. மணிமேகலை கூறும் மணிபல்லவம் அதுவே என்பாரும் உளர். ஊர்காவற்றுறை சிலரால் ஊர்காவற்துறை எனவும், ஆங்கிலத்திற் கயிற்ஸ் எனவும், சாசனத்தில் ஊராத்துறை எனவும் எழுதப்படுகின்றது. பொறி இவற்றைத் தானே ஒன்றெனக் கொள்ளாது. ‘இதனைத் தேடுவோர் அதனையும் காண்க’ எனக் குறுக்குக் குறிப்பு எழுதி இணைப்பதற்கு ஊரும் வரலாறும் நூலகவியலும் ஒருங்கே அறிந்த ஒருவர் வேண்டும். அவரையன்றோ நூலகர் என்கின்றோம்?

மற்றோர் இடரும் உண்டு. யாழ்ப்பாணத்து அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவிலேயே தட்டெழுதின. அவ்வெழுத்துருவிற் கணினியில் ஏற்றிய நூற்பட்டியலை இன்றைய ஒருங்குறித் தேடுபொறியால் அப்படியே படிக்க இயலாது. அதன் கண்ணுக்கு அது பொருளற்ற உரோம எழுத்துக் குவியல். இவ்வாறு உழைத்துச் செய்த பட்டியல் கணினியினுள்ளேயே புதைந்து கிடத்தல் கூடும். அதனை மாற்றிப் பிழைதிருத்தி மீட்டலும் நூலகர்க்குரிய புதிய தொழிற்றிறன்.

மேலும், தீவகத்தின் வரலாறு பெரும்பாலும் பெருநூல்களில் இல்லை. பாடசாலை ஆண்டு மலர், கும்பாபிடேக மலர், சனசமூக நிலைய அறிக்கை, இறந்தாரின் 31ஆம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலர் ஆகியவற்றிலேயே அது சிதறிக் கிடக்கின்றது. அந்நினைவு மலரை நம்மவர் ‘கல்வெட்டு’ என்றே அழைப்பர். அதனுள் வம்ச வரலாறு உண்டு. எந்தப் பாடசாலையிற் கற்றார், எந்த நாட்டிற் கடை வைத்தார், எந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தார் என்னும் செய்திகள் உண்டு. 1990ஆம் 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வீடுகள் கைவிடப்பட்டபோது இத்தகைய ஏடுகளும் அழிந்தன. எஞ்சியவை இன்று வெளிநாட்டுப் பெட்டகங்களிலும் ஊரிலுள்ள முதியோர் பெட்டிகளிலும் உள. எந்தப் பெட்டி எவர் வீட்டில் உண்டு என்பதைத் தேடுபொறி அறியாது. ஊர் நூலகர் அறிதல் கூடும்.

ஆர்வலரின் அருந்தொண்டும் அதன் எல்லையும்

மூன்றாவது கருத்துக்கு வலிய ஆதாரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். 1998 பொங்கல் நாளிற் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடக்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரந்த தமிழர் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் இலவசமாக உதவ, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. 2005இல் ஈழத்து ஆர்வலர் தொடங்கிய நூலகத் திட்டம், இன்று நூலக நிறுவனமாக வளர்ந்து பல்லாயிரக்கணக்கான நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிம வடிவில் யாவர்க்கும் வழங்குகின்றது. நூலகர் என். செல்வராஜா, தொகுதிக்கு 1,000 நூல்களாக ஈழத்தவர் நூல்களைப் பதிவுசெய்யும் ‘நூல் தேட்டம்’ என்னும் வரிசையை 2002 முதல் இங்கிலாந்திலிருந்து வெளியிட்டு வருகின்றார். 1981இன் சாம்பரிலிருந்து இவை முளைத்தன என்றால் மிகையாகாது.

எனினும், திறனாய்வாளன் பாராட்டோடு நின்றுவிடலாகாது. இத்தொண்டுகளிற் பல, ஊதியம் பெறும் தொழிலுக்கு வெளியே, மாலை நேரத்திலும் விடுமுறையிலும் நிகழ்ந்தன என்பது அவற்றைச் செய்தார்க்குப் பெருமை. செய்யாதிருந்த நிறுவனங்களுக்கு அது பெருமையன்று. ஆர்வம் ஒரு தலைமுறைக்குரியது; தொழில் பல தலைமுறைக்குரியது. ஆர்வலர் களைத்தால் ஓய்வார். அவ்விடத்தை நிரப்பவேண்டும் என்னும் கடப்பாடு எவர்க்கும் இல்லை. எண்ணிமக் கோப்போ ஓயாத பராமரிப்பை வேண்டுவது. நல்ல தாளில் அச்சிட்ட நூல் அலுமாரியில் ஐம்பதாண்டு பேசாதிருக்கும். வன்தட்டு அவ்வாறு இராது. சில ஆண்டுக்கொரு முறை புதிய தட்டுக்கு மாற்றவும், வேறோரிடத்திற் படி வைக்கவும், கோப்பு பழுதுறவில்லை எனச் சரிபார்க்கவும் வேண்டும். நூலைப் படம்பிடித்தவுடன் காத்துவிட்டோம் என எண்ணுவது, விதையிட்டவுடன் அறுவடை முடிந்தது என எண்ணுவதை ஒக்கும்.

இன்னுமொன்று. எதனை வெளியிடலாம், எதனை வெளியிடலாகாது எனத் தீர்மானித்தல் நுண்ணிய பொறுப்பு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். நினைவு மலரில் உயிரோடுள்ளோரின் பெயரும் முகவரியும் இருத்தல் உண்டு. குடும்பத்தாரிடம் அநுமதி கேட்கவும், சில பக்கங்களை மறைத்து வைக்கவும், காரணத்தைப் பதிவேட்டிற் குறிக்கவும் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஆர்வத்தோடு பொறுப்பும் சேர்ந்த இடத்திலேதான் தொழில் பிறக்கின்றது.

தொழிலில் உயர்வு

அவ்வாறாயின், தீவகத்து இளைஞர் ஒருவர் இத்தொழிலில் எவ்வாறு வளர்வது? கல்விக்கு வாயில்கள் உள. 1960இல் தோன்றி 1974இற் சட்டத்தால் நிறுவப்பெற்ற இலங்கை நூலகச் சங்கம் நூலகவியற் கற்கைநெறிகளைத் தமிழிலும் நடத்துகின்றது. 1999இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து நிறுவப்பட்ட தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் ஆசிரிய நூலகர்க்குப் பயிற்சியளிக்கின்றது. களனிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் ஒரு பட்டத் துறையாகவே உளது. எனவே, கற்க வழியில்லை என்பார் கூற்று முழுமையாகப் பொருந்தாது.

தடை வேறிடத்தில் உளது. முதலாவது, தீவகம் கஷ்டப் பிரதேசம் எனக் கணிக்கப்படுவதால், வருவோர் பலர் குறித்த ஆண்டுகள் சேவை செய்து மாற்றம் பெற்று மீள்கின்றனர். குறிகட்டுவானில் வள்ளம் ஏறும் அலுவலர் தம் பெட்டியோடு அந்நூலகத்தைப் பற்றிய அறிவையும் உடன்கொண்டு செல்கின்றார். எந்த மலர் எங்கே கிடைத்தது, எந்த முதியவர் எதனைத் தருவதாகச் சொன்னார் என்பன ஒரு பதிவேட்டிலும் இல்லை. இரண்டாவது, பதவியுயர்வு சேவையாண்டையும் சான்றிதழையும் நோக்கும் அளவுக்குச் செய்த பணியை நோக்குவதில்லை. கிராமத்தின் 200 மலர்களைத் தேடித் தொகுத்துப் பட்டியலிட்டவரும், நாளிதழை மேசையில் விரித்துவைத்து மாலையில் மடித்துவைத்தவரும் ஏணியில் ஒரே படியில் நிற்பாராயின், உழைப்பார்க்கு ஊக்கம் எங்ஙனம் உண்டாகும்?

இவ்விடத்தில் நூலகர்களையும் சிறிது கண்டித்தல் வேண்டும். சான்றிதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும், தம் நூலகத்தின் ஒரு பட்டியலைத் தானும் ஒருங்குறியில் அமைக்காதார் உளர். கணினி வந்தால்தான் தொடங்கலாம் என்று காத்திருப்பார் உளர். கணினி வந்தபின் அது தூசி படியாதவாறு துணியால் மூடிவைப்பாரும் உளர். பழைய சாவிக்கொத்தின் புதிய வடிவமே அத்துணி.

சிற்றிடத்திற் பெரும்பணி ஆகாது என்னும் சோர்வுக்கும் இடமில்லை. இன்று பல நாடுகளின் நூலகங்களிற் பயன்படும் கோஹா என்னும் இலவச மென்பொருள், நியூசீலாந்தின் ஹொரொஃபெனுவா என்னும் நாட்டுப்புற மாவட்டத்து நூலகத்தின் தேவையிலிருந்து பிறந்தது. 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் தம் பழைய கணினிமுறை செயலிழக்கும் என அஞ்சிய அந்நூலகத்தார், விலைகொடுத்து வேறொன்றை வாங்காது, உள்ளூர் நிறுவனம் ஒன்றைக் கொண்டு 1999இற் புதிதாக ஒன்றை ஆக்குவித்து, உலகுக்கே அளித்தனர். மவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்பது பொருள். இன்னும் அருகில் நோக்கின், 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊரூராகச் சென்றன. வண்டிக்குப் பதிலாக வள்ளம் என்பதைத் தவிர, அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் அதில் வேறுபாடு யாதுளது?

செய்யத்தக்கன

நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளும் தீவகப் பாடசாலைகளும் கருதற்குரிய மூன்றினை மட்டும் ஈண்டுக் கூறுவேன். ஒன்று: நூலகர் மாறிச் செல்லுமுன், தாம் அறிந்த ஏடுகள், அவற்றை வைத்திருப்போர், முடியாதிருக்கும் பணிகள் ஆகியவற்றை எழுதிப் பின்வருவார்க்கு ஒப்படைத்தல் கட்டாயமாதல் வேண்டும். சாவியோடு அறிவும் கைமாறுக. இரண்டு: ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்த நூல்களின் தொகையோடு வாசிக்கப்பட்ட நூல்களின் தொகையும் புதிதாகத் தேடிச் சேர்த்த ஊர் ஆவணங்களின் தொகையும் குறிக்கப்படுக, பதவியுயர்விலும் அவை நோக்கப்படுக. கிழிந்து தேய்ந்த நூலுக்காக நூலகரைத் தண்டியாதிருப்பதும் இதனுள் அடங்கும். மூன்று: எண்ணிமமாக்கிய ஒவ்வொன்றினதும் ஒரு படி ஊரிலும், ஒரு படி யாழ்ப்பாணத்திலும், ஒரு படி கடல்கடந்தும் இருத்தல் வேண்டும். கல்லும் செம்பும் என்று மன்னன் வகுத்ததற்கு ஒன்று கூட்டுகின்றோம். பட்டறிவு அதனை வேண்டுகின்றது.

ஊர்காவற்றுறைக் கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகளை இங்கு நினைவுகூர்தல் தகும். ஐரோப்பிய நூலகங்களிற் புகுந்து, மறக்கப்பட்டுக் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களை வெளிக்கொணர்ந்தவர் அவர். 1966இல் தமிழாய்வு நூல்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டி தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக அளித்தவரும் அவரே. அவர் தேடிச் சென்ற நூல்கள் அவர் வருமளவும் அங்கே காத்திருந்தமைக்குக் காரணம், பெயரறியா நூலகர் பலர் மொழியறியாத ஏட்டையும் பட்டியலிற் பதிந்து வைத்தமையே.

பல்கலைக்கழக மண்டபத்திலிருந்து விரிவுரை கேளாது, வெளிவாரியாகவே பட்டம் பெற்றவன் நான். எனக்குப் பேராசிரியராயிருந்தவை நூலக மேசைகள். ஒருநாள் நான் கேளாத கட்டுரை ஒன்றின் இதழும் பக்கமும் குறித்து, “தம்பி, உமக்கு இதுவும் தேவைப்படும்” என்று ஒரு துண்டுத்தாளை நூலகர் ஐயா ஒருவர் நீட்டினார். பரீட்சையில் அக்கட்டுரையே எனக்குக் கைகொடுத்தது. அவர் தலைமுடி நரைத்தது அத்தொழிலில். பதவி நரைக்கவுமில்லை, உயரவுமில்லை. கேட்டதைத் தருவதற்குப் பொறி உண்டு. கேளாததும் வேண்டுவதுமான ஒன்றை முகம் பார்த்து அறிந்து தருபவர்க்குத் தகுந்த படியும் தகுந்த மதிப்பும் அளிப்போமாயின், தீவகத்தின் பிள்ளைகள் அத்தொழிலை விரும்பி ஏற்பர். ஏற்றவர் வள்ளத்திற் திரும்பிச் செல்லவும் விரும்பார்.